கடைமடைக்குக் குருதி பாயுமா?

இரைப்பையில் முன்பே அறுவை செய்துகொண்டவர், எடையைக் குறைப்பதற்காக அதே இடத்தில் மீண்டும் கத்தி வைக்கலாமா என்ற கேள்விக்கு, ரோபோவையும் சிறு துளைகளையும் முன்னிறுத்தும் விளம்பரங்கள் தயங்காமல் ஆம் என்கின்றன. உண்மையான விடையோ, முதல் அறுவை எந்தெந்த இரத்தக் குழாய்களை விட்டுவைத்தது என்பதைப் பொறுத்தது.

வரலாறு சுருக்கமானது. 1881-இல் வியன்னாவில் அறுவை மருத்துவர் பில்ரோத் புற்றுநோய்க்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக நீக்கினார். இரைப்பையின் பகுதியை இழந்த குடற்புண் நோயாளிகள் மெலிவதைக் கண்ட அமெரிக்கரான எட்வர்ட் மேசன், அப்பக்கவிளைவையே மருந்தாக்கி 1966-இல் எடைக்குறைப்புக்கான மாற்றுவழி (பைபாஸ்) அறுவையைத் தொடங்கினார்.

இரைப்பை பல வாய்க்கால்கள் பாயும் வயல். அதன் உள்வளைந்த ஓரமான சிறுவளைவில் இரண்டு தமனிகளும், வெளிப்புறமான பெருவளைவில் வேறு இரண்டும், மேற்பகுதிக்கு மண்ணீரல் பக்கமிருந்து குறுந்தமனிகளும் வந்து, தம்முள் கலப்பதால், ஒரு மடை அடைபட்டாலும் மற்றொன்று ஈடுகட்டும். பெருவளைவுப் பக்கமாக முக்கால் பங்கு இரைப்பையை வெட்டியெடுத்துக் குறுகிய குழாயை மட்டும் மிச்சம் வைக்கும் ‘ஸ்லீவ்’ அறுவை இந்தத் தாராளத்தை நம்பியே நடக்கிறது. எஞ்சும் குழாய் சிறுவளைவுத் தமனிகளால் பிழைத்துக்கொள்கிறது.

புற்றுநோய்க்காக இரைப்பையின் கீழ்ப்பகுதியை இழந்தவரிடம் கணக்கு தலைகீழாகிறது. நிணநீர்க் கணுக்களை அகற்றும்போது சிறுவளைவுத் தமனிகள் பெரும்பாலும் அடியிலேயே கட்டப்பட்டுவிடுவதால், எஞ்சிய மேற்பகுதி குறுந்தமனிகளையே பெரிதும் நம்பி வாழ்கிறது; ஸ்லீவ் அறுவை வெட்டுவதோ அவற்றைத்தான். வயலாயின் ஒரு போகம் காய்ந்தாலும் அடுத்த மழைக்குக் காத்திருக்கலாம். குருதி எட்டாத இரைப்பைச் சுவர் காத்திராமல் அழுகி, தையல் விட்டு, அமிலத்தை வயிற்றறைக்குள் கசியவிடும். வெட்டு விளிம்பை மூடிய பழைய ஸ்டேப்பிள் வரிசைக்கு அருகிலேயே புதிய வரிசை போடும்போது, இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட கீற்றும் இப்படித்தான் தரிசாகிறது.

நெஞ்செரிச்சலுக்காக இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றிப் போர்த்தித் தைத்துக்கொண்டவரிடம் சிக்கல் வேறு: போர்வையை முதலில் பிரிக்காவிட்டால் ஸ்டேப்ளர் இரட்டைச் சுவரைக் கடிக்கும், பழைய ஒட்டுத்திசுவோ பிரிப்பதையே கடினமாக்கும்.

ஆகவே இத்தகையவருக்கு மறு அறுவை இயலாததன்று. எந்த அறுவை என்பதைப் பழைய வாய்க்கால் வரைபடமே முடிவு செய்யும். புதிய ரோபோவின் விலையை விசாரிக்குமுன், முதல் அறுவையில் எதைக் கட்டினார்கள், எதை விட்டார்கள் என்று எழுதிய பழுப்பேறிய மருத்துவமனைக் குறிப்பை வீட்டுப் பெட்டியில் தேடுவது மேல்.