தமிழ்க் கோப்புப் பெயர்களும் நீள வரம்பும்

கணினிக் கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடுதல் இன்று இயல்பாகிவிட்டது. ஆயினும் பெயர் நீளுமிடத்துக் கணினி அதனை ஏற்க மறுப்பதும் உண்டு. இம்மறுப்பிற்குக் காரணம் எழுத்தெண்ணிக்கையன்று. எழுத்துகளைச் சேமிக்கத் தேவைப்படும் பைட்டுகளின் எண்ணிக்கையே. இவ்வரம்பு தமிழ்த் தொடரமைப்போடு முரணுமாறு ஈண்டு விளக்கப்படுகிறது.

திருவனந்தபுரம் மத்தியத் தொடர்வண்டி நிலையம் அமைந்துள்ள தம்பானூரின் பெயரையே சான்றாகக் கொள்ளலாம். தம்பானூர் என்பது ஐந்தெழுத்துச் சொல். ஒருங்குறியில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகளாதலின் அச்சொல் 9 குறியீடுகளாகிறது. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு பெறும். ஆகவே 27 பைட்டு. உரோமன் எழுத்தில் எழுதின் 10 பைட்டே.

லினக்சில் பெருவழக்காயுள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறைமை ஒரு பெயருக்கு 255 பைட்டு அளிக்கிறது. தமிழில் 85 குறியீடுகளே அதில் அடங்கும். விண்டோசின் என்.டி.எஃப்.எஸ். முறைமையோ 255 பதினாறு-பிட்டு அலகுகளை அளிக்கிறது. அங்குத் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு ஓர் அலகு போதும். எனவே மேசைக் கணினியில் இடையூறின்றி இருந்த 100 குறியீட்டுப் பெயர், வலையமைப்பு வழியே லினக்சு வழங்கிக்குப் படியெடுக்கப்படும்போது 300 பைட்டாகி மறுக்கப்படுகிறது. வழங்கியில் இகிரிப்ட்எஃப்எஸ் என்னும் மறையாக்க முறைமை இருப்பின் இறுக்கம் மிகும். மறையாக்கிய பெயர் மூலப்பெயரினும் நீளுமாதலின் பயனருக்கு எஞ்சுவது 143 பைட்டே.

‘திருவனந்தபுரம் தம்பானூர் தொடர்வண்டி நிலையப் பெயர்ப்பலகை’ என்று ஓர் ஒளிப்படத்திற்குப் பெயரிடுவதாகக் கொள்வோம். இதில் எழுத்துகள் 31, குறியீடுகள் 51. சொல்லிடைவெளியும் புள்ளியுடன் கூடிய பின்னொட்டும் சேர 161 பைட்டாகிறது. 143இல் அடக்க வேண்டின் இறுதிச் சொல் நீங்கவேண்டும். தமிழில் அடைகள் முன்னும் தலைச்சொல் பின்னும் வருதலின், நீங்குவது பெயர்ப்பலகை என்னும் தலைச்சொல்லே. எஞ்சுவது எதன் படம் என்று கூறாத அடைத்தொடர், அதுவும் வல்லொற்றோடு நிற்பது! நூற்பெயர்களில் ‘மூலமும் உரையும்’, ‘இரண்டாம் பகுதி’ போன்றவை இறுதியில் நிற்பதால் இழப்பு இன்னும் பெரிது. சில மென்பொருள்கள் பெயரைத் தாமே பைட்டளவில் வெட்டுவதும் உண்டு. அவ்வாறு இறுதி 3 பைட்டு நீங்கின் தம்பானூர் ‘தம்பானூர’ ஆகிவிடும்.

வரம்பு ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே உரியதாகலின் கோப்புறைகளாகப் பிரித்தல் ஒரு வழி. திருவனந்தபுரம், தம்பானூர், தொடர்வண்டி நிலையம் என்று கோப்புறைகள் அமைத்து, உள்ளே ‘பெயர்ப்பலகை’ எனக் கோப்பை வைத்தால் எதுவும் 52 பைட்டை மிஞ்சாது. ஆனால் கோப்புறையை விட்டு வெளியே எடுத்த கோப்பு ஊரையும் நிலையத்தையும் இழந்துவிடும்.

தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியுடன் மாற்றுத் தரமாக ஏற்ற டேஸ்-16 குறியேற்றத்தில் எழுத்து ஒவ்வொன்றும் ஒரே குறியீடு. அதில் தம்பானூர் 15 பைட்டில் அடங்கும். ஆயினும் அக்குறியீடுகள் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் உள்ளமையின், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் வெறுங்கட்டங்களே தோன்றும். பலர் பகிரும் வழங்கிக்கு இது பொருந்தாது.

எனவே கோப்புக்குக் குறுகிய எண்ணை இட்டு, முழுப்பெயரை அதே கோப்புறையில் ஒரு பட்டியலாக வைத்தலே ஏற்புடையது. பட்டியலுள் பெயருக்கு இவ்வரம்பு இல்லை. ஒன்று மட்டும் கருதத்தக்கது: ‘தொ’ என்பதன் துணைக்குறி ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடலில் ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது போகலாம். ஆதலின் பட்டியல் முழுவதையும் முதலில் ஒரே வடிவிற்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும்.