பழைய கணினிக்குப் புத்துயிர்: எதற்குச் செலவிடலாம், எதற்கு வேண்டாம்?

வீட்டில் ஏழெட்டு ஆண்டுகளாக இருக்கும் கணினி, தொடங்குவதற்கே சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டால் புதியது வாங்கத்தான் பலருக்கும் தோன்றும். பிள்ளைகளின் பள்ளிப் பாடம், இணைய வங்கிச் சேவை, மின்னஞ்சல் ஆகியவற்றுக்கு மட்டுமே அது பயன்படுகிறது என்றால், ஒன்றிரண்டு பாகங்களை மாற்றினாலே போதுமானதாக இருக்கலாம். எந்தப் பாகத்தை மாற்றுவது என்பதில்தான் சேமிப்பு இருக்கிறது.

முதலில் ‘விண்டோஸ்’ கேள்வி

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் பதிவுசெய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும்.

விண்டோஸ் 11க்கு மாற, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புராசசர் தேவை. ‘டிபிஎம் 2.0’ எனும் பாதுகாப்பு அம்சமும் வேண்டும். மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் ‘பிசி ஹெல்த் செக்’ மென்பொருள் இதைச் சரிபார்த்துச் சொல்லும்.

தகுதி பெறாத கணினியில் எந்த வன்தட்டைப் பொருத்தினாலும் இந்தத் தடை நீங்காது. அதனால் பணம் செலவழிக்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். தகுதி இல்லையென்றால் ‘லினக்ஸ் மின்ட்’ அல்லது ‘குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ்’ போன்ற இலவச இயங்குதளங்களை நாடலாம்.

எது வேகத்தைக் கெடுக்கிறது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். வழக்கமான வேலைகளைச் செய்தபடி அதைக் கவனிக்க வேண்டும். ‘டிஸ்க்’ அடிக்கடி 100 விழுக்காட்டைத் தொட்டால் வன்தட்டில் குறை. ‘மெமரி’ எப்போதும் 80, 90 விழுக்காட்டில் இருந்தால் நினைவகம் போதவில்லை.

எஸ்எஸ்டிக்கே முதலிடம்

சுழலும் பழைய வன்தட்டு உள்ள கணினியில் ஆகப் பெரிய மாற்றத்தைத் தருவது எஸ்எஸ்டிதான். பழைய வன்தட்டு வினாடிக்கு ஏறத்தாழ 100 மெகாபைட் படிக்கும். சாதாரண ‘சாட்டா’ எஸ்எஸ்டி 500 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும். சிறு சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் வேறுபாடு இன்னும் அதிகம்.

பழைய மடிக்கணினிகள் பலவற்றில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி நேரடியாகப் பொருந்தும். பள்ளி வேலைக்கும் குடும்பப் படங்களுக்கும் 500 ஜிபி அளவு பெரும்பாலும் போதும். கழற்றிய வன்தட்டு நல்ல நிலையில் இருந்தால், யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டு நகல் சேமிக்கப் பயன்படுத்தலாம்.

அடுத்து நினைவகம்

4 ஜிபி உள்ள கணினியை 8 ஜிபிக்கு உயர்த்துவது பயன் தரும். டிடிஆர்3, டிடிஆர்4 வகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தா. மடிக்கணினிக்கும் மேசைக்கணினிக்கும் அளவும் வேறு. சில மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற இயலாது. 32-பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது என்பதையும் மறக்கக் கூடாது.

சிம் லிம் ஸ்குவேர் போன்ற இடங்களுக்குச் செல்லும்போது கணினியின் மாடல் எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்துச் செல்வது நல்லது. இரண்டு, மூன்று கடைகளில் விலை கேட்டு, பொருத்தும் கட்டணமும் சேர்ந்ததா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

புராசசரை மாற்றினால் பல நேரங்களில் மதர்போர்டு, நினைவகம் என்று செலவு தொடரும். விளையாட்டோ காணொளித் தொகுப்போ இல்லாத வீட்டுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. மடிக்கணினியின் மின்கலம் உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்த வேண்டும். அது தீ அபாயம்.

மொத்தச் செலவு, புதுப்பிக்கப்பட்ட நல்ல கணினி ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் பழையதை விட்டுவிடுவதே சிக்கனம். குறைந்த வருமானக் குடும்பங்கள், தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் ‘டிஜிட்டல் அக்சஸ் அட் ஹோம்’ திட்டத்தில் மானிய விலையில் மடிக்கணினி பெற முடியுமா என்று முதலில் விசாரிக்கலாம்.

எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் படங்களையும் ஆவணங்களையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைப்பது கட்டாயம். பாகத்தை மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படத்தை வாங்க முடியாது.