ஒரு கட்டளையும் பல ரோபோக்களும்

அணிவகுப்பு மைதானத்தில் நூறு வீரர்கள் நிற்கின்றனர். தலைவர் ஒரு குரல் கொடுத்ததும் நூறு பேரும் முன்னே நடக்கின்றனர். இதில் வியப்பில்லை. ஆனால், ஒருவர் வடக்கு மூலைக்கும் மற்றொருவர் தெற்கு வாயிலுக்கும் செல்லவேண்டும், எவரையும் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது என்றால் தலைவர் என்ன செய்வார்?

இது வெறும் விளையாட்டன்று. உடலினுள் மருந்தைச் சுமந்து செல்லவல்ல நுண்ணிய ரோபோக்களை உருவாக்க விஞ்ஞானிகள் முயன்று வருகின்றனர். கடுகினும் சிறிய அவற்றினுள் மின்கலத்தையும் வானொலிக் கருவியையும் பொருத்த இடமேது? ஆதலால் வெளியிலிருந்து காந்தப் புலத்தால் அவற்றை இயக்குகின்றனர். காந்தம் கிழக்கே இழுத்தால் எல்லாம் கிழக்கே செல்லும். ஒன்றை மட்டும் பிரித்து ஏவுதல் அரிது.

வெட்டவெளியில் இரண்டு ரோபோக்களுக்கு இடையேயுள்ள தூரம் மாறுவதில்லை. அதனை மாற்றுவது தடையே. சுவரில் முட்டியது நின்றுவிடும்; மற்றது தன் தடை வரும்வரை நகரும்.

அங்ஙனமாயின், தடைகள் நிறைந்த தளமொன்றில் எந்தக் கட்டளை வரிசை ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் சேர்க்கும்? திசைகள் நான்கே. எனினும் பத்துக் கட்டளைகளை 10,48,576 விதமாக வரிசைப்படுத்தலாம். இருபது கட்டளைகளுக்கு இவ்வெண் ஒரு இலட்சம் கோடியைத் தாண்டும். இவற்றைத் தேடாமலே விடை காணக் குறுக்கு வழி உண்டா?

ஆரன் பெக்கர், எரிக் டிமேன், ஸாண்டோர் பெக்கெட்டே முதலியோர் 2013-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்தனர். தடைகளைத் தக்கவாறு வைத்தால், தர்க்கப் புதிர் ஒன்றையே தளத்தில் பொதித்துவிடலாம். ரோபோக்கள் இலக்கை அடைய வழியிருந்தால் புதிருக்கும் விடையிருக்கும். இவ்வகைப் புதிர்கள் அனைத்தையும் விரைவில் தீர்க்கும் முறையை இன்றளவும் எவரும் கண்டதில்லை. ஆகவே எல்லாத் தளங்களுக்கும் பொருந்தும் விரைவான வழியும் எளிதில் கிட்டுவதற்கில்லை.

ஆனால் அவர்களே மற்றொன்றையும் காட்டினர். தடைகளை நாமே அமைக்கலாம் என்றால், வரிசையாக நிற்கும் ரோபோக்களை வேண்டிய எந்த ஒழுங்கிற்கும் நான்கே கட்டளைகளில் மாற்றிவிடலாம்!

சோதனைச்சாலைத் தட்டில் சுவர்களை நம் விருப்பப்படி செதுக்கலாம். அங்கே வேலை எளிதாகும். உடலின் இரத்த நாளங்களோ நாம் அமைத்தவை அல்ல. அங்கே வழியைத் தேடித்தான் காணவேண்டும். கட்டளை ஒன்றாயினும், அதன் பயனை நிர்ணயிப்பது களமே.