வாத்தியங்கள் பல, வாசித்தவர் ஒருவர்!

கிதார், பியானோ, ஆர்கன், மணி... இத்தனையும் ஒரே இசைத்தட்டில் ஒலிக்கின்றன. பெரிய வாத்தியக் கோஷ்டி என்று தோன்றும். ஆனால், பெரும்பாலானவற்றை வாசித்தவர் ஒருவரே! அவர் இங்கிலாந்து வாலிபர் மைக் ஓல்ட்பீல்டு. இசைத்தட்டின் பெயர் "டியூபுலர் பெல்ஸ்". குழாய் மணிகள் என்று பொருள்.

இரவல் கருவி

இது எப்படி முடிந்தது?

ஒரு டேப் ரிக்கார்டரை அவர் இரவல் வாங்கினார். புதிதாகப் பதிவு செய்தால் நாடாவில் உள்ள பழைய ஒலி அழிந்துவிடும். அழிக்கும் பாகத்தை அவர் அட்டைத் துண்டால் மறைத்தார். பழைய ஒலி அழியவில்லை; அதன் மேல் புது ஒலி ஏறியது! இப்படியே ஒவ்வொரு வாத்தியமாக அடுக்கினார்.

அந்த நாடாவுடன் இசைத்தட்டுக் கம்பெனிகளின் படி ஏறினார். எல்லோரும் கையை விரித்தார்கள். பாட்டு இல்லாத நீண்ட இசை விலைபோகாது என்பது அவர்கள் கணக்கு.

ஒரு வாரம்

ரிச்சர்டு பிரான்சன் என்ற இளம் வியாபாரி, கிராமத்து மாளிகை ஒன்றில் ஒலிப்பதிவு நிலையம் வைத்திருந்தார். 1972-ம் ஆண்டு நவம்பரில், அங்கே ஓல்ட்பீல்டுக்கு ஒரு வாரம் இடம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 19. இசைத்தட்டின் முதல் பக்கத்தை அங்கே உருவாக்கினார். மறுபக்கத்துக்குப் பல மாதங்கள் ஆயின.

1973 மே 25-ந் தேதி இசைத்தட்டு வெளிவந்தது. பிரான்சனின் "வர்ஜின்" கம்பெனிக்கு அதுதான் முதல் வெளியீடு. அந்த ஆண்டு வந்த "எக்சார்சிஸ்ட்" என்ற பேய்ப் படத்திலும் அந்த இசை இடம்பெற்றது. 1974-ல் பிரிட்டனில் விற்பனையில் முதலிடம்! உலகெங்கும் 1½ கோடிக்கு மேல் விற்றது.

2012-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஓல்ட்பீல்டு அதை வாசித்தார். விலைபோகாது என்று ஒதுக்கிய இசையை, அன்று உலகமே கேட்டது!