இயந்திரக் கணக்கு – 9: ஒரே கூரை, மூன்று முதலாளிகள்

கூலி மிச்சத்தை மட்டும் வைத்து ரோபோ வாங்கக் கூடாது என்று சென்ற வாரம் பார்த்தோம். போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பி வரும் என்ற கணக்கை இந்த வாரம் போடுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஃப்ரீமான்ட் குறுக்கே வந்துவிட்டது.

கலிஃபோர்னியாவில் இருக்கிறது ஃப்ரீமான்ட். ஜெனரல் மோட்டார்ஸ் 1960-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கார் ஆலை கட்டி, 1982-ல் இழுத்து மூடியது. 1984-ல் அதே கட்டடத்தில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து ‘நும்மி’ என்ற பெயரில் கார் செய்யத் தொடங்கின. 2010-ல் அதுவும் மூடப்பட்டது. அந்த ஆண்டே டெஸ்லா அதை வாங்கியது. தானியங்கி இயந்திரங்களில் முதல் போடுவதைப் பற்றிப் பேசும் எவரும் நும்மியைச் சொல்வார்கள், டெஸ்லாவின் 2018-ஐயும் சொல்வார்கள். அந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்தவை என்ற செய்திதான் இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டுகிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் நடத்தியபோது அந்த ஆலைக்குக் கெட்ட பெயர். ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் சாதாரணம். திடீர் வேலைநிறுத்தங்கள், குடித்துவிட்டு ஷிஃப்டுக்கு வருவது, எல்லாம் உண்டு. நும்மி ஆரம்பித்தபோது எடுத்த ஆட்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள்தான், தொழிற்சங்கமும் அதேதான். அவர்களில் சிலரை ஜப்பானில் தகாவோகா ஆலைக்கு அனுப்பி வேலை பழக்கினார்கள். லைனில் கோளாறு கண்டால் தலைக்கு மேலே ஓடும் கயிற்றை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். சரியாகாவிட்டால் லைன் நிற்கும். என்ன ஆனாலும் லைனை நிறுத்தாதே என்று அதட்டப்பட்டு வந்தவர்களிடம் அந்தக் கயிற்றைக் கொடுத்தார்கள். வேலைக்கு வராதவர் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது.

நும்மியில் பொறியாளராக இருந்த ஜான் கிராஃப்சிக் பிறகு எம்ஐடியில் ஆய்வு மாணவராகச் சேர்ந்து ஆலைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு காரைப் பூட்டி முடிக்க மாசசூசெட்ஸில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிரேமிங்ஹாம் ஆலைக்கு 31 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது, நும்மிக்கு 19, தகாவோகாவுக்கு 16. நூறு காருக்குக் குறைகள் ஃபிரேமிங்ஹாமில் சுமார் 130, மற்ற இரண்டிலும் 45. இதை ரோபோக்கள் சாதித்தன என்று யாரும் சொல்ல முடியாது. வேலை எப்படி அமைக்கப்பட்டது என்பதுதான் வித்தியாசம்.

அதே ஆண்டுகளில் அதே ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ரோஜர் ஸ்மித், டெட்ராய்ட்–ஹாம்ட்ராமெக்கில் 260 ரோபோக்களுடன் புது ஆலை திறந்தார். 1985. பெயின்ட் அடிக்க வைத்த ரோபோக்கள் காரை விட்டுவிட்டு ஒன்றின் மேல் ஒன்று அடித்துக்கொண்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அந்த ஆலைக்கு இடம் எடுப்பதற்காக போல்டவுன் என்ற குடியிருப்பை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள், அவர்களுடைய தேவாலயம். இந்தச் செலவை எந்த முதலீட்டு அறிக்கையிலும் எந்தப் பத்தியிலும் யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இனி டெஸ்லா. மாடல் 3 காரை 2017 முடிவதற்குள் வாரத்துக்கு 5,000 என்ற கணக்கில் செய்துவிடுவோம் என்றார் எலான் மஸ்க். மனிதக் கை படாத ஆலை அவர் கனவு. பாகங்களைக் கொண்டுவந்து சேர்க்க பின்னிப் பிணைந்த கன்வேயர் வலை ஒன்றைக் கட்டினார்கள். அது வேலைக்கு ஆகவில்லை, கழற்றி எறிந்தார்கள்.

எனக்குப் பிடித்தது கண்ணாடி இழை விரிப்பின் கதை. பேட்டரிப் பெட்டியின் மேல், காரின் தரைக்குக் கீழே, பஞ்சு போன்ற சில விரிப்புகளை ஒட்ட வேண்டும். அதற்கு ஒரு ரோபோ. இரும்புத் தகட்டை லாவகமாகத் தூக்கும் ரோபோவுக்குப் பஞ்சு பிடிபடவில்லை. எடுக்கத் தவறும், கோணலாக வைக்கும், லைன் நிற்கும். ரோபோவைத் திருத்தினார்கள், வேகப்படுத்தினார்கள், பசையைக் குறைத்தார்கள். கடைசியில்தான் மஸ்க் கேட்டார், இந்த விரிப்பு எதற்கு? சத்தத்தைக் குறைக்க என்றது பேட்டரிக் குழு. சத்தத்தைக் கவனிக்கும் குழுவிடம் போனால், தீப் பாதுகாப்புக்கு என்றார்கள். விரிப்போடு ஒரு கார், இல்லாமல் ஒரு கார் என்று ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். வித்தியாசமே தெரியவில்லை. விரிப்பை எடுத்துவிட்டார்கள், ரோபோவுக்கு வேலை இல்லாமல் போனது.

2018 ஏப்ரலில், அளவுக்கு மீறித் தானியங்கியாக்கியது தன் தவறு, மனிதர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று மஸ்க் வெளிப்படையாக எழுதினார். ஜூனில் ஆலைக்கு வெளியே பெரிய கூடாரம் போட்டு, நிறைய ஆட்களை வைத்து இன்னொரு லைன் ஓட்டினார்கள். அதன் துணையோடுதான் அந்த மாதக் கடைசியில் வாரத்துக்கு 5,000 எட்டியது.

ஆகவே மெஷின் விலையைக் கேட்பதற்கு முன்னால், அது செய்யப்போகும் வேலை வேண்டுமா என்று கேட்க வேண்டும். தேவையில்லாத வேலையை ரோபோவிடம் கொடுத்தால் அது நிரந்தரமாகிவிடும்.

இதனால் நான் மெஷினுக்கு எதிரி என்று எண்ண வேண்டாம். டொயோட்டா வம்சத்தின் மூலவர் சகிச்சி டொயோடா செய்தது தறி. 1924-ல் அவர் முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்த கணமே தானாக நின்றது. இன்று சோமனூர், பல்லடம் பக்கம் ஓடும் ஆட்டோ லூம்களிலும் இதைப் பார்க்கலாம். பாவின் ஒவ்வொரு இழையும் ஒரு மெல்லிய எஃகுத் தகட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும். இழை அறுந்தால் தகடு விழும், மின்சுற்று இணையும், தறி நிற்கும். ஓட்டைத் துணி நெய்யப்படுவதில்லை. ஒவ்வொரு தறிக்கும் ஒரு ஆள் காவல் நிற்கவும் வேண்டாம், ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட இயந்திரத்துக்கு முதல் போடத் தயங்க வேண்டியதில்லை.

கணக்கு அடுத்த வாரம். பட்டறையோ மில்லோ நடத்தும் வாசகர்கள் அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். இப்போது ஓடும் ஏதாவது ஒரு மெஷினை எடுத்துக்கொண்டு, அது நின்ற நேரம், நின்ற காரணம், கழிவாகப் போன சரக்கு, மெக்கானிக் வரும்வரை காத்திருந்த நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் ஷிஃப்ட் வாரியாகக் குறித்து வையுங்கள். கூலி, மின்கட்டணம், வங்கி வட்டி மூன்றும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். அந்த நோட்டை வைத்துத்தான் தொடங்கப்போகிறோம்.