முதுகில் போடும் சிறு துளை

முதுகெலும்பில் ஜவ்வு விலகி, இடுப்பிலிருந்து கால்வரை சுண்டி இழுக்கும் வலியோடு வருபவருக்குப் பல இடங்களில் முதலில் கிடைக்கும் ஆறுதல் இதுதான்: ‘சின்னத் துளை போதும், சீக்கிரமே வீட்டுக்குப் போய்விடலாம்.’ பொய்யில்லை. ஆனால் கேட்பவர், காயம் சிறியது, ஆகவே ஆபத்தும் சிறியது என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். ஆய்வுகள் அந்த முடிவுக்கு அவ்வளவு எளிதில் இடம் கொடுப்பதில்லை.

இந்த முறை தந்திருக்கும் நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். விலகிய ஜவ்வு நரம்பை அழுத்துவதே காலுக்கு ஓடும் வலிக்குக் காரணம் என்று 1934-ல் மிக்ஸ்டரும் பாரும் எழுதினார்கள். அந்தக் காலத்தில் அதை எடுக்க முதுகுத் தசைகளை எலும்பிலிருந்து உரித்து ஒதுக்கி, எலும்பையும் வெட்ட வேண்டியிருந்தது. 1977-ல் யாசர்கிலும் காஸ்பரும் நுண்ணோக்கியைப் பயன்படுத்தி வெட்டைச் சுருக்கினார்கள். 1997-ல் ஃபோலியும் ஸ்மித்தும் தசை இழைகளை விலக்கி ஒரு குழாயைச் செருகி, அதன் வழியாகவே ஜவ்வை எடுத்தார்கள். தசை பிழைத்தது, ரத்த இழப்பு குறைந்தது, தொற்றும் அரிதானது. 2009-ல் வெளியான ஒரு அமெரிக்கக் கணக்கில், குழாய் வழியே செய்த 1,338 முதுகெலும்பு அறுவைகளில் 3 பேருக்கு மட்டுமே காயத்தில் கிருமி பிடித்திருந்தது. அறுவை செய்தவர்கள் தாங்களே எடுத்த கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும், இது பெரிய ஆதாயம்தான். சர்க்கரை நோயாளிக்கும் முதியவருக்கும் இதன் மதிப்பு இன்னும் கூடுதல்.

ஆனால் முதுகெலும்பு அறுவையில் நாம் பயப்பட வேண்டிய இடம் தோல் அல்ல. நரம்பு வேர் நசுங்கலாம், தண்டுவட நீரைத் தாங்கும் உறை கிழியலாம், ஜவ்வின் துண்டு உள்ளே தங்கிவிடலாம், ஒரு அடுக்கு மாறியே அறுவை நடந்துவிடலாம். துளை சிறுத்தால் இவை தாமாகச் சிறுப்பதில்லை. குறுகிய குழாய்க்குள் கிழிந்த உறையைத் தைப்பது இன்னும் கடினம். கண்ணுக்கு எட்டாததை எக்ஸ்ரே காட்ட வேண்டியிருப்பதால் கதிர்வீச்சும் கூடுகிறது. வெறும் ஊசியால் முடிந்த ஒரு வைத்தியத்தின் கதையும் உண்டு. பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த கைமோபப்பைன் என்ற நொதியை ஜவ்வுக்குள் செலுத்திக் கரைக்கும் முறைக்கு 1982-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. சிலருக்கு உயிரைப் பறிக்கும் ஒவ்வாமையும், வேறு சிலருக்குத் தண்டுவட அழற்சியும் வந்தன. பிற்பாடு அந்த மருந்தே சந்தையிலிருந்து போய்விட்டது. ஊசி முனையைவிடச் சிறிய காயம் எது?

குழாய் முறையையும் நுண்ணோக்கி முறையையும் நேருக்கு நேர் நிறுத்திய நெதர்லாந்து ஆய்வு 2009-ல் வந்தது. 328 நோயாளிகள். குழாய் முறை எதிர்பார்த்தபடி முந்தவில்லை. வலி குறைவதில் சற்றுப் பின்தங்கவே செய்தது. 2014-ல் 11 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பீடும் ஏறக்குறைய அதையே சொன்னது: தொற்று குறையக்கூடும், வலி நிவாரணம் சற்றுக் குறைவாக இருக்கலாம், வேறுபாடு சிறிது.

‘இவை பழைய கருவிகளின் முடிவுகள்’ என்ற மறுப்பு நியாயமானது. அதற்குப் பதிலாக அமைந்தது 2022-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த, 613 பேரைக் கொண்ட நெதர்லாந்தின் எண்டோஸ்கோப்பி (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) ஆய்வு. ஓராண்டு கழித்துக் கால்வலி குறைவதில் எண்டோஸ்கோப்பி எந்த விதத்திலும் தாழ்ந்ததாக இல்லை. நல்ல செய்தி. ஆனால் அந்த ஆய்வின் அமைப்பைக் கவனிக்க வேண்டும்: இந்த முறையைப் புதிதாகக் கற்ற மருத்துவர்கள் பழகும் காலத்தில் செய்த அறுவைகள் முதன்மை ஒப்பீட்டில் சேர்க்கப்படவில்லை. முறையை முறையோடு ஒப்பிட அது சரியான ஏற்பாடு. ஆனால், கை பழகிய பிறகு கிடைக்கும் முடிவைத்தான் அந்த ஒப்பீடு காட்டுகிறது என்பதும் அதிலேயே அடக்கம்.

இன்னொரு கேள்வி, அறுவையே தேவையா என்பது. 2007-ல் 283 பேரிடம் நடந்த ஆய்வில், உடனே அறுவை செய்துகொண்டவர்கள், காத்திருந்தவர்களைவிட விரைவில் தேறினார்கள்; ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் அறுவைக்கு வந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. மூட்டை தூக்கிப் பிழைப்பவரால் மாதக்கணக்கில் படுத்திருக்க முடியாது. அவருக்கு விரைவே சிகிச்சை. சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, காத்திருப்பதே ஆபத்து. மற்றவர்களிடம் ‘சின்னத் துளைதானே’ என்ற சொல் யோசிக்கும் நேரத்தைப் பறித்துவிடக் கூடாது.

புதிய முறையைக் கற்பவருக்கு யாராவது ஒருவர் முதல் நோயாளியாக இருந்தாக வேண்டாமா என்று மருத்துவர்கள் கேட்பார்கள். வேண்டும். அதற்குத்தான் சடலப் பயிற்சியும், கை பழகிய மூத்தவர் அருகில் நிற்கும் ஏற்பாடும் இருக்கின்றன. மருத்துவர் இந்த முறையில் இதுவரை எத்தனை அறுவை செய்திருக்கிறார், எத்தனை பேருக்கு உறை கிழிந்தது, எத்தனை பேர் மறுபடி அறுவைக்கு வந்தார்கள் என்ற மூன்று எண்களும், நோயாளி கேட்காமலேயே, அவர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டும்.