சித்திரப்படச் சோறும் யப்பானியர் சோறும்



அனிமே என்று யப்பானியர் வழங்கும் சித்திரப்படங்களை இன்று நம் பிள்ளைகளும் விரும்பிப் பார்க்கின்றனர். அவற்றிலே கதையினும் மிகுதியாக அவர்தம் நெஞ்சிற் பதிவது உணவே என்பதை, மாணாக்கரோடு நாளும் பழகும் யான் அறிவேன். ஆவி பறக்கும் சோறும், பொன்னிறமாகச் சுட்ட மீனும் மெய்யான உணவினும் சுவையுடையனவாய்த் தோன்றுகின்றன. யப்பானியர் நாடோறும் இவ்வாறுதான் உண்கின்றனரோ என்று பிள்ளைகள் வினவுவது இயல்பே.

ஓவியன் ஆவியையும் பளபளப்பையும் வேண்டுமளவு கூட்டலாம். அவன் வரைந்த சோறு ஆறுவதில்லை, ஊசுவதில்லை, அதற்கு விலையுமில்லை. சமையற் போட்டியைப் பொருளாகக் கொண்ட தொடர்களிலோ, ஒரு கவளம் உண்டவர் பரவசமுற்றுத் தம்மையே மறக்கின்றனர். அவை வேடிக்கைக்கு உரியன, அவ்வளவே.

நல்ல படங்களின் போக்கு வேறு. ஹயாவோ மியாசாக்கி 1988 ஆம் ஆண்டில் ஆக்கிய "என் அயலான் தொத்தொரோ" என்னும் படத்திலே, தாய் மருத்துவமனையில் இருக்க, பள்ளிச் சிறுமியாகிய மூத்த மகள் வீட்டாருக்குக் கட்டுச்சோறு ஆயத்தம் செய்கிறாள். சோறு, சிறுமீன், உமெ என்னும் புளிப்புக் காயின் ஊறுகாய் ஆகியவை அதில் உள்ளன. பென்தோ எனப்படும் கட்டுச்சோறு உண்மையிலும் இத்தகையதே. 2008 இல் வெளிவந்த "பொன்யோ" படத்திலே பிள்ளைகளுக்குக் கிடைப்பது இன்னும் எளியது: உடன் இராமென் நூடில்ஸில் வெந்நீர் ஊற்றி, மூடிவைத்து, மூன்று நிமிடம் பொறுத்திருந்து உண்கின்றனர். இன்றைய யப்பானிய வாழ்வுக்கு மிக அணுக்கமான காட்சி இதுவே என்பேன்.

ஏனெனில், படங்களிலே காலையுணவு பெரும்பாலும் சோறும் மிசோ இரசமும் மீனுமாகவே இருக்க, பல வீடுகளில் அவ்விடத்தைப் பாண் பிடித்துவிட்டது. நாம் பாண் என்பதை அவர்களும் 'பன்' என்கின்றனர். இரு சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. போருக்குப்பின் பள்ளிகளிலே பாணும் பாற்பொடியுமே மதிய உணவாயின; சோறு முறைப்படி அங்கே புகுந்தது 1976 இலேதான். 1962 இல் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 118 கிலோவாக இருந்த அரிசி நுகர்வு, இப்பொழுது ஏறக்குறைய 50 கிலோவாகச் சுருங்கியுள்ளது.

அங்ஙனமாயின் படங்கள் ஏன் சோற்றை இத்துணைப் பரிவோடு காட்டுகின்றன? அவற்றை ஆக்கியோர் பலர் பசியறிந்த தலைமுறையினர். இசாவோ தக்காஹாத்தா, 1945 இல் ஒக்காயாமா நகர் குண்டுவீச்சில் எரிந்தபொழுது சிறுவனாய் உயிர் தப்பியவர். 1988 இல் அவர் ஆக்கிய "மின்மினிகளின் கல்லறை"யிலே, பட்டினியால் மாளும் சிறுமி மண்ணை உருட்டிச் சோற்றுருண்டையென்று தமையனுக்கு நீட்டுகிறாள். அதன் மூலக்கதையை எழுதிய அக்கியுகி நொசாக்கா, போர்க்காலத்திலே தம் தங்கையை உண்மையாகவே பட்டினிக்குப் பறிகொடுத்தவர்.

குழந்தைகள் கொண்டாடும் "அன்பன்மன்" என்னும் வீரனின் தலையோ, இனிப்புப் பயற்றுக்கூழ் பொதிந்த பாண்! பசித்தோரைக் கண்டால் அத்தலையையே பிய்த்துக் கொடுப்பான். அவனைப் படைத்த தக்காஷி யனாசே, சீனத்திலே போர்வீரராயிருந்து பட்டினியின் கொடுமையை அறிந்தவர். உடன் இராமெனை 1958 இல் விற்பனைக்குக் கொணர்ந்த மொமொபுக்கு அந்தோவும், போருக்குப் பின்னர் ஒசாக்காவிலே ஒரு கிண்ண நூடில்ஸுக்காகக் குளிரில் வரிசையாய் நின்ற மக்களைக் கண்டதே தம்மை அம்முயற்சிக்குத் தூண்டியதென்று கூறியுள்ளார்.

இவை பழங்கதை என்று எண்ணற்க. யப்பான் தனக்கு வேண்டிய உணவில், கலோரிக் கணக்கிலே 38 வீதத்தை மட்டுமே தானாக விளைவிக்கின்றது. 2025 இல் அந்நாட்டிலே 5 கிலோ அரிசியின் விலை ஓராண்டுக்குள் இருமடங்காகி 4000 யெனைக் கடந்தது. அரசு தன் சேமிப்பிலிருந்த பழைய அரிசியைச் சந்தைக்கு விட்டது. அதனை வாங்கக் கடைவாயிலில் மக்கள் விடியலிலேயே வரிசையாய் நின்றனர்.